நீல வண்டிக்கு ஒரு ஸ்தோத்திரம்

பழைய காரைக் கைமாற்றிவிடுவதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஜெபம் முடியும்வரைதான் நீடித்தது.

எங்களிடம் ஒரு நீல நிறக் கார் இருந்தது. (கார் என்பது அதன் ஆர்.சி. புத்தகத்துக்கு நான் கொடுக்கும் மரியாதை.) பக்கத்தில் இருக்கும் பாறசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கேயாவது நின்றுவிடும். அதைத் தள்ளித் தள்ளியே ஊரில் பாதிப்பேர் எனக்கு நண்பர்களானார்கள். மீதிப்பேர் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போனார்கள். என் மனைவி ஷீபாவுக்கு ஒன்பதாம் மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வண்டியை நம்பினால் பிள்ளை பாதி வழியில் பிறந்து, அதுவும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

அமரவிளையில் பழைய கார் வாங்கி விற்கும் ரசலையன் அண்ணனைப் பிடித்தேன். நீலத்தைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் போட்டு, அவரிடம் ஒரு சிவப்பு வண்டி எடுப்பதாகப் பேச்சு. அவர் பார்க்க வருகிறார் என்றதும் நீலத்தைக் கழுவி மெழுகு போட்டேன். பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரியை இரவல் வாங்கி மாட்டினேன். குறைகளைக் கேட்டால் சொல்வதாக இருந்தேன். கேட்க இடம் கொடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பதாகவும் இருந்தேன்.

"நீ வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டப்பிடாது, கேட்டியா?" என்று ஷீபாவை எச்சரித்தேன்.

"நான் எதுக்கு மிண்டுகேன்?" என்றாள்.

அண்ணன் அந்தச் சிவப்பு வண்டியிலேயே வந்து இறங்கினார். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டது போல மினுமினுவென்று இருந்தது. எங்கள் நீலமும் அன்று பார்த்து முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

"வண்டி நல்லாட்டு இருக்கே, மக்கா" என்றார். எனக்குப் புல்லரித்தது. காப்பி குடித்தாயிற்று, சாவியை மாற்றிக்கொள்வதுதான் பாக்கி.

எங்கள் சபைக் குடும்பங்களில் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் ஒரு வார்த்தை ஜெபிப்பது வழக்கம். "மோளே, நீ ஜெபி" என்று அண்ணன் கண்ணை மூடினார். ஜெபத்தில் பொய் சொல்லக்கூடாது. ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசவும் கூடாது. எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை.

"அன்பின் பரம பிதாவே" என்று ஷீபா உருக்கமாகத் தொடங்கினாள். "இந்த நீல வண்டியில எங்கள எத்தன ஆபத்துல இருந்து காத்தீர், ஸ்தோத்திரம். எறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போனப்பம் முன்னால போன பஸ்ஸ ஒதுக்கி விட்டீரே, ஸ்தோத்திரம்."

"ஆமென்!" என்றேன் உரக்க, முடித்துவைக்கும் எண்ணத்தில். அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"மழ பெய்யும்போ எல்லாம் இது நின்னாலும், தள்ளதுக்கு ஆள அனுப்பினீரே, ஸ்தோத்திரம். இன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரருக்க மனச எளக்கி, அவருக்க பேட்டரியயும் தரவச்சீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். ஆமென்."

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை. சரி, வியாபாரம் போயிற்று, பிள்ளை ரோட்டில்தான் என்று முடிவு செய்தேன். அப்போது அவர் ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, நானும் ஒரு பாவியாக்கும். இந்தச் செவப்பு வண்டி வெள்ளத்துல முங்கிக் கெடந்ததாக்கும். பெயின்ட் அடிச்சுக் கொண்டுவந்துட்டேன். இந்தப் பிள்ளைக்க வயித்தப் பாத்ததுல இருந்து எனக்கு நெஞ்சு அடிக்குது. மன்னிச்சிரும். ஆமென்."

இரண்டு திருடர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி எடுக்கட்டா?" என்றாள் ஷீபா, ஒன்றுமே நடக்காதது போல.

"எலே, ஒனக்க வண்டியும் வேண்டாம், எனக்க வண்டியும் வேண்டாம்" என்றார் அண்ணன். "எனக்க வீட்டுல ஓடுத வெள்ளக் கலர் வண்டி ஒண்ணு உண்டு. பாக்கதுக்குக் கொள்ளாது. ஆனா வழியில விடாது."

அதை எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கே கொடுத்தார். நீலத்தை உதிரி பாகங்களுக்காக எடுத்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதால் நீலத்தைக் கயிறு கட்டிச் சிவப்புதான் இழுத்துப் போனது. (வழியில் இரண்டும் நின்றதாகக் கேள்வி.)

ஒரு மத்தியானம், சோற்றில் மீன் குழம்பை ஊற்றும்போது ஷீபாவுக்கு வலி வந்தது. வெள்ளை வண்டியின் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. காரக்கோணம் ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு விக்கல்கூட இல்லை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவ்வளவு நன்றியாக இருந்தது, அந்த வண்டிக்கும் அண்ணனுக்கும், நான் அடக்கப் பார்த்த அந்த ஜெபத்துக்கும்.

"பெறப்போறது நானாக்கும். மொதல்ல எறங்கி வந்து கதவத் தொறங்க" என்றாள் ஷீபா.

அன்று பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் வீட்டில் கைலியோடு உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டே, "அமரவிளை தாண்டியாச்சு சார், இன்னா வாறேன்" என்று ஆபீசுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவள் அடுக்களையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அம்மா, ஓடி வா! அப்பாவுக்கு ஒரு ஜெபம் வேணும்!"

போனை வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வெள்ளை வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.