நாகப்பன் வீட்டுக்கு த்ரீ பேஸ்

ஏசி நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. நாகப்பன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தான். இன்றைக்கும் மெயின் சுவிட்ச் கீழே இறங்கிக் கிடந்தது. மேலே தள்ளினான். ஏசி வந்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

மண்ணூர் வெயிலில் பகலில் தூங்குவது எளிதல்ல. ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவனுக்கு வேறு நேரம் ஏது? கம்பெனியில் சங்கு ஊதியதும் பெரிய சுவிட்ச் கட்டையை இறக்கி லைனை நிறுத்தி, "லைன் ஆஃப், கெளம்புங்கப்பா!" என்று குரல் கொடுப்பது வருடக்கணக்காக நாகப்பனின் பொறுப்பு. போன மாதம் ஒருநாள் விடிகாலையில் சங்கு ஊதியது. நாகப்பன் குறட்டை விட்டான். லைன் தன்பாட்டுக்கு ஓடி, பாகங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன.

சூப்பர்வைசர் ராஜசேகர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா பேக்கிங்குக்குப் போய்டு நாகப்பா. அங்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டு. அதுக்கு முழிச்சிகினு இருக்கத் தேவையில்ல."

அந்த வாரமே ஏசி வந்தது. அன்று நாகப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டை மாதிரித் தூங்கினான். கரண்ட் போக ஆரம்பித்ததும் அன்றுதான்.

"லோடு தாங்கல," என்று மனைவி அம்சவல்லியிடம் தீர்ப்புச் சொன்னான். "நீ வேலைக்குப் போறப்ப பிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டுப் போ."

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் அம்சவல்லி, சொன்னபடி செய்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, பிரிட்ஜ் கதவு வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தது. கரண்ட்டோ வழக்கம்போலப் போயிருந்தது.

"இப்ப இன்னா சொல்ற?" என்றாள்.

"மாடி ரூம்ல அந்தப் பொண்ணு சோத்து குக்கரை வார்ம்ல வச்சிட்டு டூட்டிக்குப் போவுது. அதான்."

மாடியில் குடியிருந்த இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செகண்ட் ஷிப்ட்டுக்கு மதியமே கிளம்பிவிடுவாள்.

"அண்ணாச்சி, அந்தக் குக்கர்ல ஒரு ஆழாக்கு அரிசிதான் வேகும். அதுவா ஏசியக் கவுக்குது?"

"ஒரு வாரம் நிப்பாட்டு செல்வி. எனுக்காக."

ஒரு வாரம் இசக்கிசெல்வி மெஸ்ஸில் புரோட்டா தின்றாள். அவளுக்கு வயிறு போனது. கரண்ட்டும் போனது.

கடைசியில் வயர்மேன் சின்னப்பையன் வந்தார். பேரன் எடுத்தாலும் பெயர் சின்னப்பையன்தான். காதில் டெஸ்டரைச் செருகியபடி பெட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"எப்பப் போவுது?"

"தூக்கத்துல பக்கத்துக் கம்பெனி சங்கு கேக்குதுண்ணே. அப்பால கண்ணு முழிச்சா வேர்வைதான்."

சின்னப்பையன் பெருமூச்சு விட்டார். "அதானே பாத்தேன். சங்கு ஊதுன உடனே அவன் மிசினெல்லாம் போடுறான். உன் கரண்ட இஸ்துக்கிறான்."

"வழி?"

"உன்னுது சிங்கிள் பேஸு. த்ரீ பேஸ் போட்டுக்கோ. ஒண்ண அவன் இஸ்துகினாலும் ரெண்டு உன்கிட்ட மிஞ்சும்."

நாகப்பனுக்கு இது வேதவாக்காகப் பட்டது. அம்சவல்லிக்குப் படவில்லை.

"ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜு, ரெண்டு ஃபேனு, ஒரு மோட்டாரு. எல்லாத்தையும் ஒண்ணா போட்டாக்கூட இப்ப இருக்கிறதே தாங்கும். த்ரீ பேஸ் வாங்கி மாவு மில்லு வைக்கப் போறியா?"

"என் வேலை போச்சுன்னா பரவால்லியா?"

அம்சவல்லி உள்ளே போய், வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"துணி என் கையாலயே தொவச்சிக்கிறேன். நீ நல்லாத் தூங்கு, போ."

விண்ணப்பம் போட்டு, அலைந்து, காத்திருந்து, த்ரீ பேஸ் வந்தது. புது மெயினில் கம்பெனியில் இருப்பதைப் போலவே கைக்கு வாகாக ஒரு பெரிய கட்டை. நாகப்பன் அதை இரண்டு முறை தடவிக்கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

முழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

சாயங்காலம் மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. வேலை முடிந்து வந்த அம்சவல்லி இடுப்பில் கை வைத்து நின்றாள். சின்னப்பையன் டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, திரும்பக் காதிலேயே செருகினார்.

"மூணு பேஸும் சேந்து போயிருக்குன்னா, மூணையுமே இஸ்துக்கிறான். பேராசை புடிச்சவன். நாம தனியா ட்ரான்ஸ்பார்மர் கேக்கணும் நாகப்பா."

"கேப்போம்ணே," என்றான் நாகப்பன். "இன்னிக்கு ராத்திரியும் நான் தூங்கி வழிஞ்சா ராஜசேகர் சார் என்ன வுட மாட்டாரு. அம்சா, அந்த வளையல..."

அம்சவல்லி அவனைப் பார்த்தாள். துணி துவைத்துக் காய்த்துப்போன தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வளையலைக் கழற்றத் தொடங்கினாள்.

அன்று இசக்கிசெல்விக்கு வார லீவு. காயப்போட்ட துணிகளை எடுக்கப் படியிறங்கி வந்தவள், கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"எதுக்கு அண்ணாச்சி வளையலு? மத்தியானம் அந்தச் சங்கு ஊதுனதும் நீங்கதானே கண்ண மூடிக்கிட்டே எந்திச்சு வந்து கட்டைய எறக்குனிய, துணி காயப்போட்டுக்கிட்டு நின்ன என்னையப் பாத்து 'லைன் ஆஃப், கெளம்புங்கப்பா'ன்னிய... சரின்னு நானும் கெளம்பி மேல போயிட்டேன்."