மே பதினொன்றும் அன்னிக்குத்தான் சாரும்

ஒரு கல்யாணத்தை நிறுத்த ஊரில் எத்தனையோ வழிகள் உண்டு. மொட்டைக் கடுதாசி போடலாம். ஜாதகத்தில் செவ்வாயைத் தேடிப் பிடிக்கலாம். சம்பந்தி வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் யார்மீதும் எந்தக் கோபமும் இல்லாமல், சிரித்த முகத்தோடு, உலக சரித்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்யாணங்களைக் கலைத்த ஒரே மனிதர் கிழக்குத் தாம்பரத்தில்தான் இருந்தார். அவரை நாங்கள் ‘அன்னிக்குத்தான் சார்’ என்று கூப்பிடுவோம்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜர். நிஜப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. மண்டபத்து ரசீதுகளில் அவர் கையெழுத்து இருக்கும். ஆனால் அது கையெழுத்தா, பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. மேம்பாலம் வரப்போகிறது, வரப்போகிறது என்று பேசிக்கொண்டே தாம்பரமே நெரிசலில் நின்றுகொண்டிருந்த காலம் அது. மின்வெட்டு வந்தால் நான் நேராக அவருடைய ஆபீஸ் அறைக்குப் போய்விடுவேன். அங்கே ஜெனரேட்டர் இருந்தது, ஃபேன் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் இருந்தார்.

இளவயதில் அரசாங்க வேலைக்காக அவர் எழுதாத பரீட்சை கிடையாது. ஒன்றிலும் தேறவில்லை. வேலை கிடைக்காவிட்டாலும் படித்த சரித்திரம் மட்டும் தலையை விட்டு இறங்க மறுத்துவிட்டது. போதாததற்குத் தினமும் காலைப் பேப்பரில் ‘வரலாற்றில் இன்று’ பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். நீங்கள் ஒரு தேதியைச் சொன்னால் போதும், கண்ணை லேசாக மூடி, “அன்னிக்குத்தான் சார்...” என்று ஆரம்பித்துவிடுவார்.

மண்டப மேனேஜரிடம் தேதியைத் தவிர வேறு எதைச் சொல்ல வருவார்கள்?

“கேக்கறவங்களுக்கு வெறும் தேதி மட்டும் போதுமே சார்,” என்று ஒருநாள் கேட்டேன்.

“சட்னி இல்லாம இட்லி குடுப்பீங்களா?” என்றார். “தேதின்னா உள்ள ஏதாவது இருக்கணும் சார். இல்லாட்டி அது வெறும் நம்பரு.”

நான் நேரில் பார்த்த முதல் சம்பவத்தில் ஜெயித்தது அவர் அல்ல, கோவளத்திலிருந்து வந்த ஒரு அக்கா. மீன் விற்கிறவர். மாப்பிள்ளை வீடு தாம்பரம் என்பதால் மகள் கல்யாணத்தை இங்கே வைக்க வந்திருந்தார். ஏப்ரல் பதினைந்து, விடிகாலை முகூர்த்தம்.

“விடிகாலையா?” என்றார் நம்மவர், ஆசையோடு. “அன்னிக்குத்தான்மா, அதே மாதிரி விடியறதுக்கு முன்னாடி, டைட்டானிக் கப்பல் முழுகிச்சு.”

கூட வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

“இன்னா கப்பலு?”

“பெரிய கப்பல்மா. வெள்ளைக்காரங்க கப்பல். பனிப்பாறையில மோதிடுச்சு.”

“பனிப்பாறை எங்க கீது?”

“நடுக்கடல்ல.”

“ஓட்டிகினு போனவன் இன்னா பண்ணிகினு இருந்தான்? தூங்கிகினு இருந்தானா?”

அன்னிக்குத்தான் சார் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நேரடியாக யாரும் கேட்டிருக்கவில்லை.

“எங்க வூட்டு ஆம்பளைங்க தெனம் கடலுக்குப் போய்தான் வர்றாங்க சார். எவனோ கண்ண மூடிகினு ஓட்னதுக்கு எம்பொண்ணு கண்ணாலத்த நிறுத்தச் சொல்றியா? எழுது, ஏப்ரல் பதினஞ்சு.”

அவர் எழுதினார். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பந்தியில் மீன் இல்லையே என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் வருத்தப்பட்டதைத் தவிர வேறு எந்த விபத்தும் இல்லை. அதில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. சரித்திரத்தை மக்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து வந்தவர்கள் படப்பைக்காரர்கள். வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஜூன் பதினெட்டு கேட்டார்கள், காலியாக இருந்தது.

“பேஷா எடுத்துக்கங்க. அன்னிக்குத்தான் வாட்டர்லூ.”

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். “வாட்டர் இல்லியா?”

“வாட்டர்லூ சார். பெரிய போர்.”

“போர் போட்டிருக்கீங்களா?”

“ஆமாம் சார். அந்தப் போர்லதான் எல்லாம் போச்சு. ஐரோப்பாவையே ஆண்டவரு, அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.”

பெரியப்பா எழுந்துவிட்டார். “போர் போட்டும் தண்ணி வரலியாம். ஓனரு படுத்த படுக்கையாக் கிடக்கறாராம். வாங்கடா போவலாம்.”

ஒரு வாரத்துக்குள் தாம்பரத்திலிருந்து படப்பை வரை அந்த மண்டபத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்ற செய்தி பரவிவிட்டது. கோடைகாலம் வேறு. இரண்டு பார்ட்டிகள் கொடுத்த தேதியை ரத்து செய்தார்கள். மண்டபத்தின் உரிமையாளர் ஒரு அம்மாள்; சேலையூரில் இருந்தார்; படுக்கையில் இல்லை, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். அவர் காரில் வந்து இறங்கி, சமையல்கட்டு முதல் கழிவறை வரை ஒவ்வொரு குழாயையும் தாமே திறந்து பார்த்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டார்.

“சார், தேதி கேட்டா தேதிய மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களை யாரு கேட்டா?”

“ஒண்ணுமே சொல்லாம எப்படிம்மா...”

“சரி. சொல்லித்தான் தீரணும்னா நல்லதா சொல்லுங்க.”

இது அவருக்குப் பெரிய சலுகையாகத் தோன்றியது. நல்ல சம்பவங்களாகப் பொறுக்கி மனதில் அடுக்கினார். அந்தச் சமயத்தில்தான் ஜூலை பதினான்கு கேட்டுக்கொண்டு ஒரு பெண் வீட்டார் வந்தார்கள்.

“அருமையான நாள் சார்,” என்று பூரித்தார். “அன்னிக்குத்தான் பிரான்ஸ்ல ஜனங்க எல்லாம் சேர்ந்து ஜெயிலை உடைச்சாங்க. கைதிங்கள எல்லாம் வெளிய விட்டுட்டாங்க. அவ்வளவு சந்தோஷம்.”

பெண்ணின் அப்பா சிறைத்துறையில் வேலை பார்ப்பவர் என்பது இவருக்கு எப்படித் தெரியும்?

“ட்யூட்டில யாரு இருந்தா?” என்று கேட்டார் அவர்.

“இருந்தவரோட தலையை வெட்டிட்டாங்க சார்.”

அவர்களும் போனார்கள். உரிமையாளர் அம்மாள் இம்முறை நேரில் வரவில்லை, போனிலேயே முடித்துவிட்டார். “இன்னும் ஒரே ஒரு பார்ட்டி இப்படி எழுந்து போகட்டும். அன்னிக்குத்தான் நீங்களும் வேலையை விட்டுப் போனீங்கன்னு ஆயிடும்.”

அந்த ஒரே ஒரு பார்ட்டி நான்தான்.

எனக்குக் குரோம்பேட்டையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் கவிதா. பெண் பார்க்கப் போன அன்று நான் கேசரியை வேட்டியில் போட்டுக்கொண்டேன். அவள் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள்போல் ஒரு துண்டை நீட்டினாள். அப்போதே எனக்கு வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. அவளுடைய அப்பா மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் வாழ்நாள் முழுக்க சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றே பழகியவர். எதிலாவது சிறு சந்தேகம் தட்டினாலும் அங்கேயே நின்றுவிடுவார். பக்கத்தில் அவருடைய அக்கா வேறு. சந்தேகங்களை எடுத்துக் கொடுப்பதே அந்த அத்தையின் வேலை.

மே பதினொன்று என்று முடிவாகி, மண்டபம் பார்க்க அவர்கள் வருவதாக இருந்தது. முன்கூட்டியே நான் போய் அன்னிக்குத்தான் சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், எனக்காக ஒரு உதவி. அவங்க முன்னாடி ஒண்ணுமே சொல்லாதீங்க.”

“நல்லதுகூடவா?”

“நல்லதும் வேண்டாம் சார்.”

“உங்க கல்யாணம் சார். நான் வாயைத் திறப்பேனா?” என்றார்.

திறக்கவில்லை. மணமகள் அறையைக் காட்டினார், டைனிங் ஹாலைக் காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். எல்லாம் சைகையில். வரவேண்டிய தும்மலை அடக்கிக்கொண்டிருப்பவர்போல் முகம் சிவந்து கிடந்தது. கவிதாவின் அப்பா என் காதில், “பாவம், பேச வராதாப்பா?” என்றுகூடக் கேட்டார். நானும் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவைத்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வாசலுக்கு வந்துவிட்டோம். செருப்பில் காலை நுழைத்தபடி கவிதாவின் அப்பா சாதாரணமாகத் திரும்பினார்.

“மே பதினொண்ணு காலைல, இங்க வேற ஏதாவது இருக்கா சார்?”

வேறு ஏதாவது விசேஷத்துக்கு மண்டபத்தை விட்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஆனால் அன்னிக்குத்தான் சாரின் காதில் அது சொர்க்கவாசல் திறக்கிற சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

“அன்னிக்குத்தான் சார், பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சாங்க.”

நுழைத்த காலை அத்தை செருப்பிலிருந்து வெளியே எடுத்தார்.

“குண்டா?” என்றார்.

“சோதனைதாம்மா. பூமிக்கு அடியிலதான். மேல ஒண்ணும் தெரியாது.”

“கல்யாணத்தன்னிக்கு அடியில குண்டா?”

கவிதாவின் அப்பா நின்றுவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. “யோசிச்சுச் சொல்றோம் தம்பி,” என்றார் என்னிடம். மறுநாள் போனில், மே மாதம் வேண்டாம், ஆவணிக்குப் பார்க்கலாம் என்றார். பின்னால் அத்தையின் குரல், “அதுக்குள்ள வேற இடமும் பார்க்கலாம்,” என்று சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே உரிமையாளர் அம்மாள் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். அன்னிக்குத்தான் சாரை அதற்குப் பிறகு தெருவில் காணவில்லை. எனக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்காமல், சவரம் செய்யாமல், நானே ஒரு சரித்திர சோகமாக உட்கார்ந்திருந்தேன். கவிதாவிடமிருந்து ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. “அப்பாவ சமாளிக்கப் பாக்கறேன். அத்தைய உங்க மேனேஜர்கிட்ட விடுங்க.” அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வாரம் போயிருக்கும். வாசலில் மொபெட் வந்து நிற்கும் சத்தம். அன்னிக்குத்தான் சார்தான். தலையெல்லாம் தூசி.

“கிளம்புங்க சார். குரோம்பேட்டைக்கு.”

“எதுக்கு சார்? இன்னும் என்ன பாக்கி?”

“எழும்பூர் லைப்ரரியிலயே இருந்தேன் சார் இவ்வளவு நாளும். உக்காருங்க பின்னாடி. வழியில பேசினா விழுந்துடுவேன்.”

கவிதா வீட்டு கேட்டைத் திறந்தபோது அத்தைதான் முதலில் பார்த்தார். “குண்டுக்காரர் வந்திருக்காரு,” என்று உள்ளே குரல் கொடுத்தார். கவிதாவின் அப்பா பனியனோடு வெளியே வந்தார். அன்னிக்குத்தான் சார் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவர்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

“சார், மே பதினொண்ணு. அன்னிக்குத்தான் பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் முத முதல்ல கரண்ட் ரயில் விட்டாங்க.”

கவிதாவின் அப்பா மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“எது? நம்ம ரயிலா?”

“நீங்க ஓட்டின அதே ரயில் சார். வெள்ளைக்காரன் காலத்துல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு.”

“மீட்டர் கேஜ்ல?”

“மீட்டர் கேஜ்லதான் சார்.”

“வாழ்க்கை பூரா அந்த லைன்லதான் ஓட்டினேன்,” என்றார் அவர். “அந்த நாள்ல எம்பொண்ணுக்குக் கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க.”

“ஆனா குண்டு?” என்றார் அத்தை.

“அது அறுபது, எழுபது வருஷம் கழிச்சு வந்ததுக்கா. ரயில்தான் முதல்ல வந்துச்சு,” என்றார் என் வருங்கால மாமனார். கதவுக்குப் பின்னால் கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது எனக்கு மட்டும் தெரிந்தது. காபி வந்தது. அன்னிக்குத்தான் சாருக்குத்தான் முதல் டம்ளர்.

அதோடு விட்டாரா மாமனார்? அந்த மேனேஜர் இருந்தால்தான் அந்த மண்டபம், இல்லையென்றால் வேறு இடம் என்று உரிமையாளர் அம்மாளிடம் சொல்லிவிட்டார். சாவிக்கொத்து பழைய இடுப்புக்கே திரும்பியது.

கல்யாணத்தன்று வாசலில் நின்று பன்னீர் தெளிக்கவேண்டிய மாமனார், வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, “இன்னிக்குத்தான் தெரியுமா, தாம்பரத்துக்கு முதல் கரண்ட் ரயில்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில்வே நண்பர்கள் ஒரு கூட்டமாகக் கைதட்டினார்கள். மேடையில் புரோகிதர் வருஷம், மாதம், நாள் என்று சங்கல்பம் சொல்ல ஆரம்பித்தபோது, தூணுக்குப் பக்கத்தில் நின்ற அன்னிக்குத்தான் சாரின் உதடு அசைவதை நான் பார்த்தேன். நல்லவேளை, உரிமையாளர் அம்மாளும் பார்த்தார். ஒரு முழு லட்டை எடுத்து அந்த வாயில் வைத்துவிட்டார். அவர் அதை மென்று விழுங்குவதற்குள் நான் தாலி கட்டி முடித்துவிட்டேன்.

மறுவருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். மதியம் ஆஸ்பத்திரிக்கு அவர் சாத்துக்குடிப் பையோடு வந்தார். மாமனார், அத்தை, நான், கட்டிலில் கவிதா, எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மாமனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

“சொல்லுங்க சார். இன்னிக்கு என்ன?”

“இன்னிக்கா?” என்றார், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இன்னிக்கு வேற ஒண்ணுமே நடக்கலை சார்.”

அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று நான் இதுவரை தேடிப் பார்த்ததில்லை.