மூக்குக்குள் ஒளித்த எஞ்சின்

எஞ்சினைத் தலைகீழாக மாட்டிவிடுவது என்று முடிவெடுத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி எடுக்கிற முடிவா அது!

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் எஞ்சினுக்குத் தடை. ரிமோட்டில் பறக்கும் என் பழைய மாடல் விமானத்தில் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வீட்டுக்குள் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஓட்டிப் பார்த்தேன். அது போட்ட அலறலில் என் மனைவி கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. அது துப்பிய எண்ணெய் திரைச்சீலையை விட்டு இன்னும் போகவில்லை. "இனிமே இந்த வாசப்படியை எஞ்சின் மிதிக்கக் கூடாது. மிதிச்சா அதுவும் வெளியே, நீங்களும் வெளியே" என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்ய எங்கள் வீட்டில் வேறு கோர்ட் கிடையாது.

ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் வேறு ரகம். அது அலறாது, அடித்தொண்டையில் பாடும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா அப்படி ஒன்றைப் பறக்கவிட்டதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற ஞாயிறு எங்கள் மாடல் விமான கிளப் மைதானத்தில் என் கையால் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் மேலே கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் நான் பிறந்ததே வீண்.

எஞ்சினையும் அதற்கென்று ஒரு புது மர விமானத்தையும் வாங்கிவிட்டேன். எஞ்சினை ஒளிப்பது எப்படி? நேராக மாட்டினால் சிலிண்டர் விமானத்தின் மூக்குக்கு மேலே கொண்டை போட்டுக்கொண்டு நிற்கும். தலைகீழாக மாட்டினால் மூக்கு மூடிக்குள் அடங்கிவிடும். மேலேயிருந்து பார்க்கிறவளுக்கு வழவழவென்று ஒரு மரப் பொம்மை! டாக்டரம்மா வீட்டு ஷெட்டில் மாட்டி, அங்கேயே ஓட்டியும் பார்த்தேன். என்ன குரல்! என்ன குரல்! நான் ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஓடி வந்தேன்.

"சார், குதிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றார் டாக்டரம்மா. "தலைகீழ் எஞ்சினுக்கு ஒரு வியாதி உண்டு. விமானத்தை நேரா வெச்சா எண்ணெயெல்லாம் சிலிண்டர் தலைக்குள்ள இறங்கித் தேங்கிடும். அப்புறம் கிளப்பவே முடியாது. வீட்டுல மல்லாக்கப் போட்டு வைங்க."

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்."

"சேச்சே! நானா?"

வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது?"

"பொம்மை. அலமாரி மேல வைக்க. அழகுக்கு."

"எஞ்சின் இருக்கா?"

"எங்கே இருக்கு? நீயே பாரு!"

பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"அடியில என்னமோ குழாய் நீட்டிக்கிட்டு இருக்கே?"

"காத்தோட்டத்துக்கு."

"பொம்மைக்கா?"

"மரத்துக்கு. மரம் மூச்சு விடும்மா."

"மூச்சுல எண்ணெய் வாசம் அடிக்குதே?"

"புது பெயிண்ட்."

"அப்படியா!" என்று உள்ளே போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

விமானத்தை அலமாரி மேல் மல்லாக்கப் படுக்கவைத்தேன். பல் தேய்த்துவிட்டு வந்தால் நேராக நிற்கிறது. மல்லாத்தினேன். சட்டை மாட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் நேர்.

"ஏம்மா, இதை ஏன் தொடறே?"

"பொம்மை பாவங்க. செத்த கரப்பான் மாதிரி காலைத் தூக்கிக்கிட்டுக் கிடக்குது."

"சக்கரத்துல பெயிண்ட் காயுது!"

"நின்னாலும் காயும்."

அந்த வாரம் முழுவதும் நான் புரட்டினேன், அவள் நிமிர்த்தினாள். சனிக்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விமானத்தின் எண்ணெய் டாங்கை நிரப்பி, மல்லாக்கவே வைத்தேன். ஞாயிறு காலை பார்த்தால் கம்பீரமாக நிற்கிறது. இருந்த பரபரப்பில் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"பொம்மைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்ய அளவு குடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

"நல்ல பெரிய பெட்டியா சொல்லுங்க" என்றாள் அப்பாவி.

மைதானத்தில் கிளப்பே கூடியிருந்தது. எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு ப்ரொப்பெல்லரை ஒரு சுண்டு சுண்டினேன். அது பாதி சுற்றில் சுவரில் முட்டியதுபோல நின்றது. மறுபடி சுண்டினேன். விரல்தான் வீங்கியது. யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, தம் கட்டி...

"பலவந்தம் பண்ணாதீங்க! கனெக்டிங் ராட் வளைஞ்சிடும்!"

எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஆனால் அந்தக் குரலில் கனெக்டிங் ராட் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. திரும்பினேன். டாக்டரம்மா நின்றிருந்தார். பக்கத்தில் என் மனைவி.

"நீ எங்கே இங்கே?"

"பெட்டிக்கு அளவு ஒழுங்கா எடுக்கறாங்களான்னு பார்க்க வந்தேன்."

என்னை நகர்த்திவிட்டு, ரிமோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூடியைக் கழற்றினாள். ப்ளக்கைக் கழற்றினாள். தேங்கியிருந்த எண்ணெய் புல்லில் கொட்டியது. ப்ளக்கை மாட்டினாள். விமானத்தை மல்லாக்கப் புரட்டினாள். இப்போது எஞ்சின் நேர். ஒரே சுண்டு.

கிளம்பிவிட்டது! அடித்தொண்டையில் பாடியது! ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் விமானத்தை நிமிர்த்தினாள்; பாட்டு ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. நான் கைதட்டிக் குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"தினம் எதுக்கு நிமிர்த்தி வெச்சேன்னு நெனச்சீங்க? எண்ணெய் தலைக்கு இறங்கட்டும்னுதான்."

"டாக்டர்!"

டாக்டரம்மா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அலறல் எஞ்சினைத்தான் வேண்டாம்னேன்" என்றாள் மனைவி. "இது எவ்வளவு நல்லாப் பாடுது! கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரந்த மனசு! "சரி, ரிமோட்டைக் குடு. பறக்க விடறேன்."

"பொய் சொன்னவங்க வரிசையில கடைசி. முதல்ல நான்."

"நீயா? உனக்கு ஓட்ட வருமா?"

"நீங்க ஆபீஸ் போனதும் நானும் டாக்டரும் என்ன பண்றோம்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

விமானம் புல்லில் ஓடியது. எழும்பியது. ஐயோ, என்ன ஏற்றம்! ஒரு குட்டிக்கரணம் போட்டது. பிறகு மல்லாந்து, சக்கரம் வானத்தைப் பார்க்க, எங்கள் தலைக்கு மேலே பாடிக்கொண்டே போனது. கிளப்பே ஆர்ப்பரித்தது. வாயைப் பிளந்துகொண்டு நானும் கத்தினேன்.

"அடுத்து நான்தானே?" என்று அவள் தோளருகே போய்க் கேட்டேன்.

அவள் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொடியில துணி காய்ஞ்சிருக்கும். போய் எடுத்து மடிச்சு வைங்க. டாங்க்ல இன்னும் பாதி இருக்கு."