பேச்சுத்துணைக்கு ஒரு ஆள்

கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் பின்னால் கூண்டில் நாய் நப்பி முனக ஆரம்பித்துவிட்டது.

"அழாதடா ராசா, அப்பா பேசிக்கிட்டேதான வரேன்," என்றார் வெய்யோ.

முனகல் ஊளையானது.

பக்கத்து இருக்கையில் அடுத்த வீட்டு தௌனோ, தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்துப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும்யா," என்றார் வெய்யோ. "பேச்சுச் சத்தம் கேட்டா நாய் அடங்கிடும்னு நாய்ப் பயிற்சி கிளப்புல மெர்வி சொல்லியிருக்கா. அதுக்குத்தான் உன்னையே கூட்டிட்டு வந்தேன். மாத்தி மாத்திப் பேசுவோம். முதல்ல நான்."

தௌனோ வாயை மூடிக்கொண்டார்.

தௌனோவைப் பேச்சுத்துணைக்கு அழைத்துப் போவது, மழைக்குக் கொடிக்கம்பத்தடியில் ஒதுங்குவது மாதிரி. வடகோடிப் பனிப்பிரதேசத்து ஊரான எங்கள் கெமியார்வியில் பொதுவாகவே யாரும் வாய்ச்சொல்லை வீணாக்குவதில்லை. தௌனோ அதிலும் கருமி என்று பெயர். வெய்யோ மட்டும் ஊருக்கு விதிவிலக்கு. பகலெல்லாம் தபால் வேனில் தன்னந்தனியாகச் சுற்றுகிறாரா, தேங்கிய பேச்சு முழுக்க சாயங்காலம் மடையை உடைத்துக்கொண்டு வரும். அவர் மனைவி ரைலி அந்த நேரம் பார்த்து நீராவி அறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வாள்.

வெய்யோ வேலைக்குப் போனபின் நப்பியைப் பார்த்துக்கொள்வது தௌனோதான். ஓய்வுபெற்ற மரம்வெட்டி, தனிக்கட்டை. நப்பியின் பயிற்சித் தடைகள் கிடப்பதும் அவருடைய கொட்டகையில்தான்.

நாய்த் தடையோட்டப் போட்டி என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. கம்பிகளைத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் நுழைந்து வெளிவர வேண்டும், ஏற்றப்பலகையில் ஏறி இறங்க வேண்டும். எல்லாம் வரிசை மாறாமல். வளர்ப்பவர் கூடவே ஓடி வழிகாட்டலாம். வரிசை மாறினால் வெளியே. வெய்யோவும் நாலு வருடமாக, தெற்கே போட்டி என்று எவன் சொன்னாலும் காரைக் கிளப்பிவிடுவார். நப்பி ஒரே ஒரு முறைகூடத் தப்பில்லாமல் ஓடியதில்லை. அதற்கு இப்போது எட்டு வயது. நேற்று ரைலி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"யூவாஸ்குலா போட்டிதான் கடைசி. இந்தத் தடவையும் சொதப்பினா, அது வீட்டு நாய், நீ வீட்டு மனுஷன்."

வீட்டு மனுஷன் ஆவதைப் பற்றி வெய்யோவுக்குக் கவலையில்லை. நப்பி ஒரு முறையாவது ஜெயித்த நாயாக வீடு திரும்ப வேண்டும். அந்த ஆசை மட்டும் எண்ணெய் தீராமல் எரிந்துகொண்டிருந்தது.

ரோவனியெமி வரை வெய்யோ தன் பாஸின் கதையைச் சொன்னார். நாய் ஊளையிட்டது. கெமி நகரம் நெருங்கும்வரை தன் முழங்கால் வலியைச் சொன்னார். இன்னும் ஓங்கி ஊளையிட்டது.

"பேச்சு போதல போலிருக்கு. பாட்டுதான் வழி," என்று முடிவு செய்து பழைய டாங்கோ பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். நப்பி கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு ஊளையிட்டதில் கார்க் கண்ணாடி அதிர்ந்தது.

தௌனோ உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். வெய்யோ ஒன்றை வாயில் போட்டு, கடித்து விழுங்கிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் தௌனோ மறுபடி நீட்டினார்.

"நல்ல மனுஷன்யா நீ. பேசத்தான் மாட்டேங்கற."

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் நப்பிக்கான சாசேஜ் பையைக் கார்க் கூரைமேல் வைத்தார் வெய்யோ. களத்தில் உற்சாகப்படுத்த வீட்டிலேயே நறுக்கிக் கொண்டுவந்தது. ஏறிக் கதவைச் சாத்தினார்.

"வெய்யோ, மேல..." என்றார் தௌனோ.

"மேலதான்! மேலதான் பாடணும், கீழ் ஸ்தாயி நாய்க்குப் பிடிக்கல. கவனிச்சியா?"

கார் கிளம்பியது. சாசேஜ் பை கெமியிலேயே தங்கிவிட்டது. அந்த வட்டாரக் காக்கைகள் இன்றும் வெய்யோவை நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கும்.

ஔலு வந்தது. தெற்கே போகிற சாலை ஒரு பக்கம், கயானிக்குப் போகிற சாலை இன்னொரு பக்கம். தௌனோ தெற்குச் சாலைப் பக்கம் கையைத் தூக்கினார்.

"இரு இரு, இந்தப் பல்லவி முடியட்டும்!" என்றார் வெய்யோ.

பல்லவி முடிந்து, சரணங்கள் முடிந்து, அடுத்த பாட்டும் முடிந்தபோது, கயானிச் சாலையில் உதாயார்வி என்று பெயர்ப்பலகை வந்தது.

"உதாயார்வியா? நமக்கு இங்க என்ன வேலை? ஏன்யா, உனக்குக் கண்ணு தெரியுதுல்ல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கல்லை ஏத்திட்டு வந்திருந்தா அதுகூட ரெண்டு முறை உருண்டிருக்கும்!"

தௌனோ வாயைத் திறந்தார். வெய்யோ திட்டி முடிக்கவில்லை. ஔலு வரைக்கும் திரும்பி வந்தபோதும் முடிக்கவில்லை.

அதற்கப்புறம் நேரத்தைப் பிடிக்க வேகம், நாயைப் பிடிக்கப் பாட்டு என்று இரண்டையும் சேர்த்தே ஓட்டினார். யூவாஸ்குலா நெருங்கும்போது ஒரு உச்சஸ்தாயியில் ஏறினார். இறங்கும்போது குரலைக் காணோம். காற்று மட்டும் வந்தது.

நப்பியும் சட்டென்று நின்றுவிட்டது.

'பாவம், அதுக்கும் தொண்டை போயிடுச்சு' என்று நினைத்தபோது வெய்யோவுக்குக் கண் கலங்கியது.

மைதானக் கூடத்தில் அவர்கள் முறை வந்தேவிட்டது. பரிசுக்கு சாசேஜ் இல்லை. கட்டளைக்குக் குரல் இல்லை. "வேண்டாம், திரும்பிடலாம்" என்று சைகை காட்டினார் வெய்யோ. தௌனோ கூண்டைத் திறந்து, வாரை எடுத்து அவர் கையில் திணித்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

வழக்கமாக இந்த இடத்தில், "குழாய்! குழாய்! ஐயோ பலகை! இல்லடா, குழாய்!" என்று வெய்யோ போடும் சத்தத்தில் பக்கத்துக் களத்து நாய்கூடக் குழாய்க்குள் போகும். நப்பி மட்டும் நடுவில் நின்று யாரைக் கேட்பது என்று பார்க்கும்.

இன்று அவரால் ஓடத்தான் முடிந்தது. நப்பி ஒருமுறை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் அவர் தோள் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பியது. கம்பி, கம்பி, குழாய், பலகை, நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கடைசிக் கம்பி. ஒரு கம்பிகூட ஆடவில்லை. தப்பு இல்லை என்று அறிவிப்பு வந்ததும் வெய்யோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நப்பி அவர் மடியில் ஏறி, மூக்குக் கண்ணாடியிலிருந்து மீசை வரை ஒரு இடம் விடாமல் நக்கியது.

திரும்பும்போது தௌனோ காரை ஓட்டினார். கழுத்தில் துண்டோடு பக்கத்தில் வெய்யோ. பின்னால் நப்பி பரிசு ரிப்பனைத் தலைக்கு வைத்துக் குறட்டை. முனகல் இல்லை, ஊளை இல்லை.

"கொட்டகையில எங்கூட தினமும் இப்படித்தான் ஓடும்," என்றார் தௌனோ, சாலையைப் பார்த்தபடியே. "நான் எதுவும் பேசறதில்ல. தோளைத் திருப்பினா போதும், புரிஞ்சுக்கும். நாலு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. கார்லயும் அது அழல, வெய்யோ. நீ பாடினேல்ல? கூடப் பாடிச்சு."

அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் ஒன்றாக வந்து வெய்யோ கேட்டதே இல்லை. பதில் சொல்லக் குரல் இல்லை. ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதினார்: 'ஏன் சொல்லவே இல்ல?'

தௌனோ எட்டிப் பார்த்துப் படித்தார். ஒரு உப்பு மிட்டாயை எடுத்து வெய்யோவின் கையில் வைத்தார்.

"நாலு வருஷமா தினமும்தான் சொல்ல வரேன். நீ மூச்சு வாங்கற இடத்துலதான நான் ஆரம்பிக்க முடியும்? நீ எங்கய்யா மூச்சு வாங்கற?"