அரக்குக் காது எலிகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் பதினாறு வெள்ளைச் சுண்டெலிகளும் நிரபராதிகள். தப்பு முழுவதும் என்னுடையது. நாட்குறிப்பில் தேதி, மணி, நிமிடத்தோடு இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் மருந்தியல் ஆய்வகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை. மூன்றாம் மாதக் கடைசியில் கருத்தரங்கு. அதில் நான் பேசுவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வதாக ஆய்வகத் தலைவி மரகதம் மேடம் சொல்லியிருந்தார்.

வேலை என்னவென்றால், எலியின் தலையாட்டலை எண்ணுவது. (சிரிக்காதீர்கள், இதற்குத்தான் எம்.எஸ்ஸி. படித்தேன்.) சில போதைப் பொருள்கள் இல்லாத வண்ணங்களைக் கண்ணுக்குக் காட்டும். மனிதன் என்றால் "சுவர் மூச்சு விடுது" என்று வாயால் சொல்லிவிடுவான். எலி எப்படிச் சொல்லும்? தலையைத்தான் வெடுக்கென்று உதறும், குளித்துவிட்டு வந்த நாய் மாதிரி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் எண்ண வேண்டும்.

எட்டு எலிகளுக்கு ஒன்றாம் புட்டி, எட்டுக்கு இரண்டாம் புட்டி. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புநீர். எதில் எது என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும். எழுதி உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, இரட்டைப் பூட்டு அலமாரியில் வைத்திருந்தார்.

இரண்டு குழுவும் கலந்துவிடாமல் இருக்க அடையாளம் போட வேண்டுமே. "அது உன் பொறுப்பு" என்றார் மேடம். ஆய்வகத்தில் இருந்த மஞ்சள் திரவத்தைப் பூசிப் பார்த்தேன்; எலிகள் ஒன்றையொன்று நக்கியே இரண்டு நாளில் அதை அழித்துவிட்டன. என் மனசு கேட்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். ஓடினேன்.

"அழியாத செவப்பு வேணும் சித்தப்பா."

"அரக்குச் செவப்பு எடுத்துக்கினு போ. நூல்ல நிக்கணும்னா இந்தக் கிண்ணத்துக்கு எட்டு சொட்டு ஆசிட் விடணும். பொடவை கிழியும், கலர் போவாது."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டுச் சொட்டு. ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. முதல் குழுவுக்கு வால் நுனியில், இரண்டாம் குழுவுக்கு வலது காதின் பின்புறம். தினமும் காலை ஒன்பது நாற்பதுக்கு மறுபூச்சு.

எலிகளைப் பராமரிக்கும் அந்தோணி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா சுகந்திமா, எலிக்குப் பொட்டு வச்சிக்கினு இருக்க? பொண்ணு பார்க்க வராங்களா?"

"இது விஞ்ஞானம்ணே."

"இன்னாமோ போ. அதுங்க மூஞ்சியே சரியில்ல."

ஆனால் முடிவுகள்! இரண்டாம் குழு தலையை உதறிய வேகத்தில் என் பேனா பின்தங்கியது. ஒன்றாம் குழுவும் அவ்வப்போது உதறியதுதான், ஆனால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை. எட்டு எலிகள் கண்ணெதிரே வானவில் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அதை உலகத்தில் நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்! (ஒன்றாம் குழு சும்மா சும்மா வாலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.)

தலைக்கனம் ஏறிவிட்டது. "உறையை மேடையிலேயே பிரிக்கலாம் மேடம்" என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். சித்தப்பாவையும் வரச் சொன்னேன். சலவை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிடம் பொழிந்தேன். "ஆகவே, மருந்து இருப்பது இரண்டாம் புட்டியில்!" என்று முடித்து, திரையில் காதுச் சிவப்போடு ஓர் எலியின் படத்தைப் போட்டேன். கைதட்டல். மேடம் உறையைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"ரெண்டாம் புட்டி," என்றார் மெதுவாக, "உப்புத் தண்ணி."

சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் கண்ணாடியைச் சரிசெய்தார். "காதுல அது என்னம்மா சிவப்பா?"

"பட்டுச் சாயம் சார். எங்க சித்தப்பா பட்டறையில..."

முன்வரிசையில் வேட்டி எழுந்தது. "அடியே! எலிக்கா பூசின? ஆசிட் ஊத்தனியா?"

"நீங்க சொன்ன அளவுதான் சித்தப்பா. எட்டுச் சொட்டு."

"அது நூலுக்கும்மா! நூல் கத்தாது! தோல்ல பட்டா எங்களுக்கே நாள்பூரா நமைக்குது, அது இன்னா பண்ணும், தலையத்தான் ஆட்டும்!"

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தோணி அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் எலிகள் வானவில் எதையும் பார்க்கவில்லை. காது அரித்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மாதம் நான் அரிப்பை எண்ணியிருக்கிறேன், ஒன்றுவிடாமல்.

அறைக்குக் கூப்பிட்டு மேடம் என் நாட்குறிப்பை வாங்கினார். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். புரட்டினார்: வலது காது, அரக்கு, எட்டுச் சொட்டு, ஒன்பது நாற்பது. ஓரத்தில், வால் நக்கல்.

"தான் பண்ணின தப்புக்கு இவ்ளோ சுத்தமா சாட்சி வச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல. இன்னும் மூணு மாசம் இரு. முதல்ல இருந்து எண்ணு. சாயம் மட்டும் உள்ள வரக் கூடாது."

எண்ணினேன். சாயமில்லாத எலிகளில் மருந்து வாங்கியவைதான் அதிகம் உதறின. அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். வாசலில் யானை, நெற்றியிலும் காதிலும் வண்ணக் கோலம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றது. என் மகள் சித்தப்பாவின் தோளைத் தட்டினாள். "தாத்தா, இது மருந்தா, சாயமா?"

"உங்கம்மாவைக் கேளு."

"அம்மா?"

"சும்மா இருடி," என்றேன். "பதினேழு... பதினெட்டு..."