அரியரத்தினம் சொன்ன ஆரூடம்

"புதன்கிழமைக்குள் கட்டுரை வேண்டும்" என்று கல்லூரி அதிபர் ஹார்க்ரீவ்ஸ் கைப்படத் துண்டு எழுதி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியோடு வருடாந்த ஃபுட்போல் ஆட்டம். ஊர் உதைபந்து அல்ல, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராகக் கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலிய ஆட்டம். இரண்டு கல்லூரிக்கும் ஏழாம் பொருத்தம். யார் வெல்வார், எத்தனை புள்ளியால் வெல்வார் என்று முன்கூட்டியே கணித்துக் கல்லூரிப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுத வேண்டியவர் கணித விரிவுரையாளர் அரியரத்தினம்.

அரியரத்தினம் தன் பிறவியில் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது மைதானத்து ஓரமாகப் போனவரின் மூக்கில் பந்து வந்து பட்டதைத் தவிர, அவருக்கும் பந்துக்கும் உறவே கிடையாது. ஆனால் அவருடைய நற்சான்றிதழ் வேறு கதை சொன்னது. அதை எழுதியவர் உப அதிபராயிருந்த தாய்மாமன். மருமகன் என்றால் சும்மா விடுவாரா? 'கல்லூரி உதைபந்தாட்டக் குழுவின் தலைவர், ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லும் அபார ஞானம் உள்ளவர்' என்று அள்ளி விட்டிருந்தார். ஊரில் இதையெல்லாம் யாரும் வாசிப்பதில்லை. கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. மெல்பேர்ன் ஓரத்து டண்டினொங்கில் அதிபர் என்ற ஒரு மனிதர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத் தொலைத்துவிட்டார்.

துண்டைக் கொண்டுவந்தவள் அதிபரின் தட்டச்சாளர் விமலாதேவி. அவளும் யாழ்ப்பாணத்தவள்தான்.

"சேர், இதைப் பற்றி உங்களுக்கொரு விசயம் சொல்ல வேணும்…" என்று மெல்லத் தொடங்கினாள்.

"இங்கிலீஷ் பிளீஸ், மிஸ் விமலாதேவி" என்றார் அரியரத்தினம்.

தட்டச்சு அடிக்கிற பெண்ணோடு தமிழில் கதைத்தால் விரிவுரையாளரின் மரியாதை என்னாவது? சுற்றிவர நாலு வெள்ளைக்காரர் இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் அதிபர் கையெழுத்து வைத்தால்தான் ஊரில் காத்திருக்கும் மனைவி யோகராணியையும் மகளையும் மெல்பேர்னுக்குக் கூப்பிடலாம். ஒன்றரை வருடமாகிவிட்டது. மகள் இவருடைய படத்தைக் காட்டினால் 'மாமா' என்கிறாளாம். யோகராணி அப்படி எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு மனிதர் அழுதது உண்மை. அதற்காகவாவது பொய்யைக் கட்டிக் காக்க வேண்டியிருந்தது.

கீழ் வீட்டு வெங்கட்ராமனிடம் ஓடினார். தஞ்சாவூர்க்காரர், கார்த் தொழிற்சாலையில் எஞ்சினியர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர். பதில் சரியா என்பது வேறு விஷயம்.

"இதுக்குப் போயா கவலைப்படறீங்க?" என்றார் வெங்கட்ராமன். "பேப்பர்ல பெரிய மேட்ச் பத்தித் தினமும் எழுதறான். அதை எடுத்துக்குங்க. பேரை மட்டும் மாத்துங்க. முடிஞ்சுது."

அரியரத்தினம் பெயரை மட்டும்தான் மாற்றினார். அதனால் பத்தொன்பது வயது மாணவக் குழுத்தலைவன் தன் இருநூறாவது ஆட்டத்தை ஆடப் போவதாகவும், மூன்று முறை அறுத்துத் தைத்த முழங்காலோடு களமிறங்கும் அந்த முதுபெரும் வீரரைக் காண எண்பதாயிரம் பேர் திரள்வார்கள் என்றும் கட்டுரை சொன்னது. அச்சாகுமுன்பே விசயம் எட்டி, பையனின் தாய் கல்லூரிக்கு ஃபோன் பண்ணி, எந்த முழங்கால் என்று அழுதுகொண்டே கேட்டாள்.

தொலைந்தது வேலை என்று அரியரத்தினம் நினைத்தார். அதிபர் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ்டர் அரி, ஆழமான கட்டுரை" என்றார் ஹார்க்ரீவ்ஸ். முகத்தில் சிரிப்பே இல்லை. "ஆனால் நம்முடைய ரக் எப்படி? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?"

ரக் என்பது ஆளா, சாமானா, இடமா என்று அரியரத்தினத்துக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே பந்தோடு திரிகிற சாதி, கேட்டுக் கிண்டுகிறான் என்று நினைத்தார். வெள்ளைக்காரர் எல்லோரும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிறக்கிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு.

"ரக்கைப் பொறுத்தவரை நாங்கள் அவசரப்படக் கூடாது" என்றார் கம்பீரமாக.

அதிபர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "சரி. யார் வெல்வது? எத்தனையால்?"

கட்டுரையில் அந்த இடத்தைத்தான் அரியரத்தினம் வழுக்கிக்கொண்டு தாண்டியிருந்தார். இனித் தாண்ட வழியில்லை.

"நாங்கள்தான். நூறு புள்ளியால்!"

அதுவும் எழுதப்பட்டது. அடியில் இரண்டு கோடு வேறு போட்டார். பயத்தில் ஆடிப்போன அரியரத்தினம், உற்சாகம் குறைவாகத் தெரியக் கூடாதென்று கடைசிப் பந்தியையும் திருத்திக் கொடுத்தார். கடற்கரைக் கல்லூரிப் பையன்கள் ஓடுவதைப் பார்த்தால் பாண் வாங்கக் கடைக்குப் போகிற கிழவிகள் நினைவுக்கு வருவதாகவும், பந்துக்குப் பதில் ஊசியும் நூலும் கொடுத்தால் நன்றாகத் தைப்பார்கள் என்றும் எழுதினார். ஒரு பந்தையும் தொடாத மனிதருக்கு அத்தனை கொழுப்பு. பத்திரிகை வந்த வியாழக்கிழமையே அந்தப் பக்கம் கடற்கரைக் கல்லூரியின் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை இன்னொரு துண்டு வந்தது. 'நாளை என் பக்கத்தில் உட்காருங்கள். ஹார்க்ரீவ்ஸ்.'

"அந்தாள் என்னைப் பிடிக்கத்தான் பக்கத்தில இருத்துறார், வெங்கட்ராமன்! எப்ப கை தட்டுறதெண்டே எனக்குத் தெரியாது!"

"சிம்பிள் சார். ரெண்டு பக்கமும் கம்பம் நட்டிருப்பான். அடியில வெள்ளைக் கோட்டுப் போட்டுண்டு ஒருத்தன் நிப்பான். அவன் ரெண்டு கொடியை ஆட்டினா கோல், கை தட்டுங்க. ஒரு கொடின்னா ஒரே புள்ளிதான், சும்மாத் தலையை ஆட்டுங்க."

சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. யார் போட்ட கோலுக்குத் தட்டுவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மழை கொட்டியது. பத்து நிமிடத்தில் முப்பத்தாறு பையன்களும் ஒரே சேற்று நிறம். புள்ளிப் பலகையில் மூன்று மூன்றாக எண்கள் தொங்கின. எந்த எண் எதற்கென்று கணித விரிவுரையாளருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் வெள்ளைக் கோட்டுக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே இரண்டு கொடி ஆடியது, தட்டினார். தெற்கே இரண்டு கொடி ஆடியது, அதற்கும் தட்டினார். பாரபட்சமே கிடையாது.

ஒவ்வொரு முறையும் அதிபர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் மெல்லத் தட்டினார். பின்வரிசை மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

'நோட்டம் பார்க்கிறான்' என்று எண்ணிய அரியரத்தினம் இன்னும் பலமாகத் தட்டினார்.

ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. சேற்று உருவங்களில் பாதி துள்ளிக் குதித்தன, பாதி நிலத்தில் குந்தின. ஹார்க்ரீவ்ஸ் எழுந்து, குடையை விரித்து, அரியரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கள் சொன்னபடியே நடந்தது, மிஸ்டர் அரி. சொன்னபடியே!" என்றுவிட்டு விறுவிறென்று காருக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் இருமல் போலச் சொன்னான்: அறுபத்தொரு புள்ளியால் தோல்வி. அரியரத்தினத்துக்குக் காதெல்லாம் எரிந்தது. அதிபருக்கு என்ன நக்கல்! செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோகராணிக்குக் கடிதம் எழுதினார். 'நீர் வரத் தேவையில்லை, நானே வாறன்' என்று எழுதிவிட்டு, மகளுக்கு ஒரு வரி எழுதப் பார்த்தார். முடியவில்லை.

திங்கட்கிழமை காலை விமலாதேவி உறையோடு வந்தாள். அரியரத்தினம் அதை வாங்காமல் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை," என்றார். ஒன்றரை வருடத்தில் அவளோடு பேசிய முதல் தமிழ்ச் சொல். "என்னை அனுப்பிப் போட்டாங்கள் என்ன?"

"பிரிச்சுப் பாருங்கோ, சேர்."

பிரித்தார். வேலை நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. இனி ஒவ்வொரு வருடமும் ஃபுட்போல் கட்டுரையும், ஆட்டத்தன்று அதிபருக்குப் பக்கத்துக் கதிரையும் அவருக்கே என்று இன்னொரு வரி இருந்தது. கீழே கையெழுத்து. திகதி சனிக்கிழமை.

அரியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோகராணி வரலாம்… பிள்ளை, இதென்ன கூத்து? நூறு புள்ளியால வெல்லுவம் எண்டு சொன்னனான். அறுபத்தொண்டால தோத்துப் போனம். அவர் பக்கத்திலதானே இருந்தவர்!"

"அண்டைக்கே இதைத்தான் சொல்ல வந்தனான், நீங்கள் இங்கிலீஷில சொல்லச் சொன்னியள்" என்றாள் விமலாதேவி. "அந்தாளுக்கு ஃபுட்போலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, சேர், நீங்கள் கை தட்டத் தட்ட, வெண்டிட்டம் எண்டு நினைச்செல்லோ ஓடிவந்து கையெழுத்து வைச்சவர், தோத்ததே இண்டைக்குக் காலமை நான் சொல்லித்தான் தெரியும், இனிக் கடிதத்தைக் கிழிச்சால் தன்ரை வண்டவாளமெல்லோ வெளியில வரும்!"