கசாத்தாவுக்கு வாங்கிய தவணை

கேட்ட விலைக்கு ஒரு சாமானும் வாங்காதவன் நான். பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய்க்காரன் என்னைத் தூரத்தில் கண்டாலே தராசைத் துணியால் மூடுவான். விசா புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரியின் "இன்றைக்கு ஏலாது" என்பதை "நாளைக்கு வா" என்று இறக்கி, அந்த நாளையைப் பின்னேரம் வரைக்கும் இழுத்து வந்தவன். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் அடி வாங்கிப் படித்தது.

அப்படிப்பட்ட அந்தோனிமுத்துவாகிய நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். எங்கள் நாய்க்குக் கருத்தடை ஒப்பரேசன் எப்போது என்பதை இந்த வீட்டின் தலைவனாகிய நான்தான் முடிவெடுப்பேன். தலைவன் என்கிற சொல்லை மட்டும் வாய்க்குள் சொன்னேன். சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் குசினியில் என் மனைவி புனிதமலர் நின்றாள்.

நாயின் பெயர் கசாத்தா. சிசிலிக்காரரின் இனிப்புக் கேக்கின் பெயர், மகள் அனிற்றா வைத்தது. நீளக் காது, ஒட்டிய வயிறு, நல்ல வேட்டைச் சாதி. ஓடாத ஸ்கூட்டர் ஒன்றைக் கொடுத்து மலைப்பக்கத்து வேட்டைக்காரன் ஒருவனிடம் மாற்றி எடுத்தேன். ஓடாததைக் கொடுத்து ஓடுகிறதை வாங்கினவன் பலெர்மோவிலேயே நான் ஒருத்தன்தான். அதற்குப் பின்னால் ஓடுகிறவனும் நான்தான் என்பது புனிதத்தின் கணக்கு.

எனக்கு ஏன் இந்த ஒப்பரேசன் ஆகாது என்று சொல்லவேணும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் வேலை. கணவாய் மீன் கழுவத் தொடங்கினவன் இன்னும் கணவாய்தான் கழுவுகிறேன். பெரிய சமையல்காரன் மாரிகாலம் தொடங்க விலகிப் போகிறான். அவன் நின்ற அடுப்பு எனக்கு வேணும். முதலாளி காஸ்பரேயிடம் நெரோனே என்று ஒரு ஆண் நாய், கசாத்தாவின் அதே சாதி. பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அந்த மனிசன் அவ்வளவு கதைக்கிறதில்லை. ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன், நத்தார்ப் பண்டிகைக்குள் நெரோனேயின் குட்டி உங்கள் மடியில் என்று. அவர் என் தோளில் தட்டினார். பிறகு அடுப்பைப் பார்த்தார். எனக்கு அது போதும். வெறுங்கையோடு கரையேறினவனுக்கு வாய்ச்சொல்தான் சொத்து. அதையும் இழந்தால் மிஞ்சுவது கணவாய்.

புனிதம் லிபெர்த்தா தெருவில் அந்தக் காஸ்பரேயின் வீட்டில்தான் வேலை செய்கிறாள். அவர் மனைவி சிஞ்ஞோரா என்ஸாவுக்கு வலது கை மாதிரி. இந்த விசயத்தை உங்களுக்கு இப்பவே சொல்லிவைக்கிறேன். எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வைகாசிக் கடைசியில் கசாத்தா கொஞ்ச நாள் அனிற்றாவின் அறைக்குள் அடைந்து கிடந்தாள். சுகமில்லை, உள்ளே போகாதேங்கோ என்றாள் புனிதம். எங்கள் வீடுகளில் ஒரு பொம்பிளை சுகமில்லை என்று கதவைச் சாத்தினால் ஆம்பிளை இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. மன்னாரில் என் அப்பர் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கதவு திறந்தது, நாய் வந்து என் சப்பாத்தைக் கடித்தது, சுகமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். மிருக வைத்தியர் டொத்தோரெஸாவிடமும் தாயும் மகளும்தான் போய் வந்தார்கள். வந்த கையோடு புனிதம் வெடியைப் போட்டாள்.

"வாற செவ்வாய்க்கிழமை கசாத்தாவுக்கு ஒப்பரேசன்."

"ஆரைக் கேட்டு?"

"டொத்தோரெஸாவைக் கேட்டு."

"வீட்டுக்காரனைக் கேக்கேல்லையோ?"

"வீட்டுக்காரர் கீழை இருக்கிறார். வாடகைக்கு மட்டும்தான் மேலை வாறவர்."

கோபம் தலைக்கேறியது. அடக்கினேன். சந்தையில் முதலில் கத்துகிறவன் தோற்பான். ஒருதரம் குட்டி போடட்டும், அதுவும் ஒரு பெண்பிறவிதானே என்று இரக்கத்தை எடுத்து விரித்தேன்.

"குட்டியளை ஆர் பாக்கிறது?"

"நான்."

"அனிற்றா பிறக்கேக்கை எங்கை நிண்டனீங்கள்?"

"வேலையிலை."

"குட்டியள் பிறக்கேக்கை?"

கணவாய் கழுவிக்கொண்டிருப்பேன் என்று அவளுக்கே தெரியும்.

"பக்கத்து வீட்டுச் செலஸ்ரீனாவின்ர நாய் கர்ப்பப்பையிலை சீழ் கட்டிச் செத்ததை மறந்திட்டியளோ? எங்கடை பிள்ளை பக்கத்திலை நிண்டு பாத்தவள். இன்னொருக்கா அவளைப் பாக்க வைக்கமாட்டன்."

அவள் சத்தம் போடவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அதில்தான்.

நத்தார் முடியட்டும் என்றேன். செவ்வாய் என்றாள். ஐப்பசி என்றேன். வெள்ளி என்றாள். மூன்று நாள் இறங்கிவிட்டாள் என்று எனக்குள் தவில் கேட்டது. பிடியை விடாமல் நெருக்கினேன்.

"புரட்டாதி. சாந்தா ரொசாலியாவின்ர திருநாள் முடிஞ்ச கிழமை. அதுக்குக் கீழை ஒரு நாளும் இறங்கமாட்டன்."

அவள் வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். இந்த மாதிரி இடத்தில்தான் பேரம் முறிகிறது. அவசரப்பட்டுச் சாமானைக் கூட்டி வைத்தேன். விடியக் காலமை நாயை நானே நடக்கக் கூட்டிப் போவேன். ஒப்பரேசனுக்கும் நானே கொண்டு போவேன். பிறகு லீவு போட்டு நானே பராமரிப்பேன்.

"அதை ரொசாலியா அம்மாவிட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி, குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் முன்னால், புனிதம் பக்கத்தில் நிற்க, வாய்விட்டு நேர்த்தி வைத்தேன். திருநாள் முடிந்த கிழமை, தவறாமல், என் கையால். மனதுக்குள் எனக்கு வேறு திட்டம். இளம் நாய், பருவம் வாற வயது என்று வேட்டைக்காரன் போனில் சொல்லியிருந்தான். கோடைக்குள் பருவம் வரும், நெரோனேயிடம் கொண்டு போகலாம், சினைப்பட்ட நாயில் டொத்தோரெஸா கத்தி வைக்க மாட்டா. அம்மாவுக்கும் இது விளங்கும். அவவும் மலையில் தனிய இருந்து பலதும் பார்த்தவ.

அந்தக் கோடை என் சீவியத்தில் ஒரு வருசத்தைத் தின்றது. விடியக் காலமை நாயோடு இறங்குவேன். முன்னாலும் பார்ப்பேன், பின்னாலும் பார்ப்பேன். ஒரு குறியும் இல்லை. தெருநாய்கள் வந்து மணந்துபோட்டு, பிழையான கதவைத் தட்டினவர்கள் மாதிரித் திரும்பிப் போகும். கசாத்தா தின்றாள், படுத்தாள், கொழுத்தாள். கடையில் காஸ்பரே வாரத்துக்கு வாரம் புருவத்தைத் தூக்கி எப்போது என்று கேட்பார். இந்தா, இந்தா என்பேன். சமையல்காரன் தன் கத்திகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றத் தொடங்கியிருந்தான்.

ஆவணியில் பொறுக்க ஏலாமல், மொண்டெல்லோ கடற்கரையில் ஆளில்லாத ஒரு காலமை இரண்டையும் சந்திக்க வைத்தோம். நெரோனே வந்தான். மணந்தான். பிறகு யாரோ போட்டுவிட்டுப் போன அரான்சீனிச் சோற்று உருண்டைத் துண்டைக் கண்டு அங்கே ஓடினான். காஸ்பரே என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். மெழுகுதிரியின் நீளத்தைக் கூட்டி அம்மாவோடு பேரம் பேசினேன். அவ அசையவில்லை.

திருநாள் வந்தது. வெறுங்காலோடு மலை ஏறி இறங்கினேன். கால் கொப்பளித்ததோடு ரோசத்தையும் விட்டுவிட்டுப் புனிதத்திடம் கேட்டேன், இன்னும் ஒரேயொரு மாதம்.

"எனக்கு ஒண்டுமில்லையப்பா," என்று பிரிட்ஜில் ஒட்டியிருந்த சாந்தா ரொசாலியாவின் படத்தைக் காட்டினாள். "அவவிட்டைக் கேளுங்கோ."

சிலரை ஏமாற்றலாம். மலை ஏறிப் போய்ச் சத்தியம் பண்ணின இடத்தில் எப்படி?

குறித்த நாளில் நாயைத் தூக்கிக்கொண்டு புனிதத்தோடு வைத்தியரிடம் போனேன். கதவைத் திறந்தால், காத்திருக்கிற வாங்கில் காஸ்பரே இருந்தார். காலடியில் நெரோனே. பக்கத்தில் சிஞ்ஞோரா என்ஸா, கைப்பையை மடியில் வைத்து, யாரும் வெளியே ஓடாதபடி கதவுப்பக்கமாக இருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பிப் புனிதத்துக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தா. காஸ்பரேயும் நானும் தரையைப் பார்த்தோம்.

டொத்தோரெஸா வந்து கசாத்தாவின் வயிற்றைத் தடவினா. முகம் மலர்ந்து புனிதத்தைப் பாராட்டினா. பருவம் முடிந்து மூன்று மாதம் பொறுங்கள் என்றால் பாதிப்பேர் கேட்கிறதில்லையாம், உடனே வந்து நிற்பார்களாம். சிஞ்ஞோரா புனிதா மட்டும் ஒரு கிழமை பிசகாமல் வந்திருக்கிறாவாம்.

"எந்தப் பருவம்?" என்றேன் தமிழில், புனிதத்திடம்.

"வைகாசியிலை. அனிற்றாவின்ர அறைக்குள்ளை. இனி வாறது மாரியிலைதான். சுகமில்லை எண்டு சொன்னனான்தானே. நீங்கள் என்னெண்டு கேக்கேல்லை."

"அப்ப செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன் எண்டது?"

"நான் புரட்டாதி எண்டு தொடங்கியிருந்தால் நீங்கள் எங்கை கொண்டுபோய் முடிச்சிருப்பியள்?"

காஸ்பரேயின் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என் காதுக்குள் குனிந்தார்.

"அந்தோனியோ, நெரோனேயின் ஒப்பரேசனுக்கு நான் நத்தார் கேட்டேன். என்ஸா அடுத்த கிழமை என்றாள். அடித்துப் பேசித் திருநாள் வரைக்கும் இழுத்தேன். நல்ல பேரம் என்று நினைத்தேன்."

உள்ளே கசாத்தாவைக் கொண்டு போனார்கள். நெரோனே வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டான். நான், குட்டி இல்லாவிட்டால் அடுப்பு என்ன மாதிரி என்று முதலாளியைக் கேட்டேன்.

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். அடுப்பு உனக்கு என்று என்ஸா ஆனியிலேயே உன் மனைவியிடம் சொல்லிவிட்டாளே, அவள் கேட்டாளாம், உனக்குத் தெரியாதா என்றார்.

புனிதத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நாய்ச் சங்கிலியை என் கையில் சுற்றிவிட்டு அவள் சொன்னாள்:

"சொல்லியிருந்தால் கோடை முழுக்க விடியக் காலமை எழும்பி நாயை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"